புது கார் கிடைக்காதபோது பழைய காருக்கு என்ன விலை? முசிறிக் குடும்பங்களுக்கு ஒரு 'டிஃபரன்ஸ்' கணக்கு!

முசிறியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க காவிரிப் பாலத்தைத் தாண்டி குளித்தலைக்குப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி திருச்சியில். பஸ் வசதிக்குக் குறைவில்லை. ஆனால், ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் வாழையும் கோரையும் விற்ற காசில் ஒரு குடும்பம் கார் வாங்கினால், பாதிக்கு மேல் அது அவசரத்துக்குத்தான். மீதிதான் பந்தா.

அப்படி வாங்கிய காரை ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு, கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பது வழக்கம். பழைய வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும், புது வண்டி கேட்ட வாரத்தில் கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் போடுகிற கணக்கு. 2021-லும் 2022-லும் இந்தக் கணக்கு தலைகீழானது. புது வண்டிக்கு மாதக்கணக்கில் வெயிட்டிங். 'இந்த வண்டிக்கு இவ்வளவுதான் சார் வரும்' என்று உதட்டைப் பிதுக்கும் கார் கன்சல்ட்டிங் கடைக்காரர்களே, 'வண்டி குடுக்கறீங்களாண்ணே?' என்று போன் போட்டுக் கேட்கிற நிலை நாடு முழுக்க வந்தது.

பழைய காருக்கு நல்ல விலை கிடைத்தால் விற்றவருக்கு லாபம்தானே? பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தத் தட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

விரல் நகத்தளவு சில்லு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. அந்த ஏப்ரலில் இந்தியாவின் மிகப் பெரிய கார் நிறுவனமான மாருதி சுஸுகி, உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. விற்பனை எண்ணிக்கை, பூஜ்யம். உலகம் முழுக்க இதே கதை என்பதால், 'இனி யார் கார் வாங்கப் போகிறார்கள்' என்று நினைத்த கார் நிறுவனங்கள், சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் பாடம் படிக்கவும் லேப்டாப்பும் செல்போனும் தேவைப்பட, சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆறே மாதத்தில் மக்கள் கார் வாங்கத் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் நெருக்கியடித்துப் போக யாருக்கும் மனசில்லை. ஆனால், சிப் வரிசையில் கார் நிறுவனங்கள் கடைசி ஆளாக நின்றன.

பட்ட காலிலே படும் என்பதுபோல அடுத்தடுத்த அடிகள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயல், சிப் ஆலைகள் மூடல். மார்ச்சில் ஜப்பானின் ரெனசாஸ் ஆலையில் தீ விபத்து. கார்களுக்கான சிப்களுக்குப் பேர்போன நிறுவனம் அது. பிறகு மலேசியாவில் கொரோனா ஊரடங்கு. சிப்களைச் சோதித்து உறையிட்டு அனுப்பும் வேலையில் கணிசமான பகுதி அங்கே நடக்கிறது. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது முதல் ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், டச் ஸ்கிரீன், சாவி வரை எல்லாவற்றிலும் சிப் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் வண்டி ஆலையை விட்டு வெளியே வராது. சாவிக்குச் சிப் போதாமல், இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதில் ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதா சாவியுமாக டொயோட்டா ஜப்பானில் கார் கொடுத்தது 2022-ல் நடந்தது.

'கூட நாலு சிப் செய்தால் என்ன?' என்ற கேள்விக்கு முசிறி வாழை விவசாயியே பதில் சொல்லிவிடுவார். சந்தையில் விலை ஏறிவிட்டது என்பதற்காக அடுத்த வாரமே கூடுதலாகத் தார் வெட்ட முடியுமா? கன்று வைத்து வருஷம் காத்திருக்க வேண்டும். சிப்பும் அப்படித்தான். ஒரு சில்லு உருவாகி வெளிவர மாதங்கள் ஆகும். புது ஆலை கட்ட வருடங்கள் ஆகும்.

விளைவு, 2021 செப்டம்பரில் ஹரியானா, குஜராத் ஆலைகளில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவிகிதம்தான் முடியும் என்று மாருதி அறிவித்தது. அடுத்த மாதம் 60 சதவிகிதம். சரியாகப் பண்டிகைக் காலம். ஆயுத பூஜைக்கு வண்டியை நிறுத்திப் பொட்டு வைக்க நினைத்தவர்களுக்குக் கிடைத்தது புக்கிங் ரசீது மட்டுமே. ஒரு வருடம் கழித்து, 2022 செப்டம்பர் முடிவிலும் டெலிவரிக்காகக் காத்திருந்த மாருதி ஆர்டர்கள் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தன.

57 நிமிடத்தில் ஏறிய விலை

முசிறி, தொட்டியம் பக்கத்தில் 'தார்' என்றால் வாழைத்தார்தான். 2020 அக்டோபர் 2-ம் தேதிக்குப் பிறகு இளசுகள் மத்தியில் அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தம் வந்தது. மஹிந்திராவின் புது தார் ஜீப் வகை வண்டி, 9.80 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் அறிமுகமான நாள் அது. முதல் வண்டியை நன்கொடைக்காக ஏலம் விட்டபோது 1.11 கோடி ரூபாய்க்குப் போனது. காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அதைவிடப் பாடம் சொல்வது எக்ஸ்.யு.வி.700 கதை. 2021 அக்டோபர் 7-ம் தேதி புக்கிங் திறந்தார்கள். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த 25,000-மும் 57 நிமிடத்தில் முடிந்தது. 11.99 லட்சத்தில் தொடங்கிய விலை அடுத்து வந்தவர்களுக்கு 12.49 லட்சம். சாப்பிட்டுவிட்டு வந்து புக் செய்யலாம் என்று எழுந்து போனவருக்கு அந்தச் சாப்பாடு 50,000 ரூபாய்! மறு வருடம் ஜூலையில் ஸ்கார்பியோ-என் வண்டிக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் புக்கிங்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் விலைப்பட்டியலில் இருக்கும் எண் பாதி உண்மைதான். மீதி, நாள்காட்டியில் இருக்கிறது. புக் செய்த அன்று உள்ள விலை செல்லாது. டெலிவரி எடுக்கும் அன்று என்ன விலையோ அதுதான் கட்ட வேண்டும் என்பது பெரும்பாலான புக்கிங் படிவங்களில் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனை. உருக்கு, செம்பு விலை ஏறுகிறது என்று காரணம் சொல்லி கார் நிறுவனங்கள் 2021-ல் மட்டும் பலமுறை விலையை உயர்த்தின. ஆறு மாதம் காத்திருந்தவர், ஆறு மாதத்து விலையேற்றத்தையும் சேர்த்துக் கட்டினார். ஆடித் தள்ளுபடி, வருடக் கடைசித் தள்ளுபடி, இலவச மேட், சீட் கவர் எல்லாம் காணாமல் போயின. 'இந்த ஆக்சஸரீஸ் பேக்கோட எடுத்தா சீக்கிரம் வரும்' என்று சொல்லப்பட்டதும் உண்டு.

அந்த டிஃபரன்ஸ் எவ்வளவு?

முசிறியில் ஒரு குடும்பம். ஐந்து வயதான சின்ன கார் ஒன்று. இது உதாரணக் கணக்குதான், ஆனால் வீட்டுக்கு வீடு போட்டுப் பார்க்கக்கூடியது.

சாதாரணக் காலத்தில் அந்தப் பழைய வண்டிக்கு 4 லட்சம் கிடைக்கும். அதேபோன்ற புது வண்டி ஆன்ரோடு 8 லட்சம். தள்ளுபடி 30,000 போனால் 7.70 லட்சம். கையிலிருந்து போட வேண்டிய டிஃபரன்ஸ், 3.70 லட்சம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் அதே பழைய வண்டியை 4.60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அறுபதாயிரம் கூட! சந்தோஷமாகக் கொடுத்தாயிற்று. புது வண்டி ஆறு மாதம் கழித்து வருகிறது. அதற்குள் ஆன்ரோடு விலை 8.70 லட்சம். தள்ளுபடி கிடையாது. டிஃபரன்ஸ், 4.10 லட்சம். அதாவது, பழைய வண்டி நல்ல விலைக்குப் போன பிறகும் 40,000 ரூபாய் அதிகம். நடுவில் அந்த ஆறு மாதமும் திருச்சிக்கு வாடகை கார். ஒரு நடைக்கு 2,000 ரூபாய், மாதம் நாலு நடை என்றால் 48,000. ஆக, 'அறுபதாயிரம் கூட வித்தேன்' என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்ன குடும்பம், உள்ளபடி 88,000 ரூபாய் பின்தங்கியிருக்கிறது.

விற்ற விலையை மட்டும் பார்ப்பதால் வருகிற மயக்கம் இது. நல்ல நாற்று விலைக்கு விதை நெல்லையும் சேர்த்து விற்கிற மாதிரி. பழைய காரின் விலையை ஏற்றிய அதே காரணம்தான் புது காரின் விலையையும் ஏற்றியது. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. ஒரே படகில் ஏறிய இரண்டு பேர்.

அப்படியானால் லாபம் பார்த்தது யார்? திரும்ப வாங்கத் தேவையில்லாதவர்கள். வீட்டில் இரண்டு கார் வைத்திருந்து ஒன்றைக் கொடுத்தவர்கள். கண் பார்வை குறைந்து, 'இனி ஓட்ட வேண்டாம்' என்று முடிவெடுத்த ரிட்டயர்டு வாத்தியார். பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப் போகிறவர்கள். அப்புறம், விலை ஏறுவதற்கு முன்பே கொட்டகை நிறைய வண்டி வாங்கி நிறுத்தியிருந்த கன்சல்ட்டிங் கடைக்காரர்.

பெரிய ஆட்களுக்கும் இந்தக் கணக்கு தவறியிருக்கிறது. 2020-ல் சுற்றுலா படுத்ததும் அமெரிக்காவின் வாடகை கார் நிறுவனங்கள் கார்களைக் கூட்டம் கூட்டமாக விற்றுத் தள்ளின. 2021-ல் மக்கள் ஊர் சுற்றக் கிளம்பியபோது புது கார் கிடைக்காமல், ஹெர்ட்ஸ் போன்ற நிறுவனமே பழைய கார்களைத் தேடி வாங்கியது. அந்த ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை, முந்தைய ஜூனைவிட 45.2 சதவிகிதம் அதிகம் என்கிறது அந்நாட்டு அரசின் விலைவாசிக் கணக்கு. இங்கே மஞ்சள் போர்டு வண்டி வைத்திருந்தவர்களின் நிலையும் வேறில்லை. ஊரடங்கில் சவாரி கிடையாது. ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தாலும், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் அடிமாட்டு விலைக்கு வண்டியைக் கொடுத்தவர், முகூர்த்தங்கள் மறுபடி களைகட்டிய நேரத்தில் வண்டி வாங்கப் போனால் விலை எங்கோ போயிருந்தது. குடும்பக் காருக்குக் காத்திருப்பது அசௌகரியம். வாடகை வண்டிக்காரருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போன நாள்.

எல்லா வண்டியும் ஏறியதா என்றால், அதுவும் இல்லை. சென்னை மறைமலை நகரில் கார் தயாரித்துக்கொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பர் 9-ம் தேதி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்று உறுதி சொன்னது. ஆனாலும், 'நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா?' என்ற பயம் வந்துவிட்டால் அந்த வண்டிக்கு மறுவிலை பேசுவது கஷ்டம். ஊரெல்லாம் வண்டிக்கு அலைந்த மாதங்களிலேயே, ஃபோர்டு வைத்திருந்தவர்கள் என்ன செய்வது என்று கையைப் பிசைந்தார்கள். காரின் விலையில் பாதி, பக்கத்து ஊர் மெக்கானிக் அதில் கை வைப்பாரா என்பதில் இருக்கிறது.

அம்பாஸடர் காலத்து அனுபவம்

தாத்தாக்களுக்கு இது புதுக் கதையே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் கார் என்றால் முக்கியமாக மூன்று பெயர்கள். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாஸடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ் வேண்டும். யாருக்கு எந்த வரிசையில் விற்கலாம் என்பதற்கு 1959-ல் மத்திய அரசு போட்ட கட்டுப்பாட்டு உத்தரவு இருந்தது. ஸ்கூட்டருக்கு 1960-ல் தனி உத்தரவு. கார் விலையையே அரசு நிர்ணயிக்க, அது நியாயமான விலைதானா என்று கார் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடின.

கட்டுப்பாட்டு விலை ஒன்று, வெளி விலை ஒன்று. பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள், அப்போதுதான் டெலிவரி எடுத்த வண்டியை மேல் விலை கொடுத்து வாங்கினார்கள். பஜாஜ் சேடக் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம் வரை காத்திருந்த கதை நாடறிந்தது. பெண் குழந்தை பிறந்ததுமே ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட வேண்டும், மாப்பிள்ளை வரும்போது சரியாக இருக்கும் என்று கிண்டல் செய்வார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி, அம்பாஸடருக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800 காரின் சாவியை, குலுக்கலில் தேர்வான வாடிக்கையாளருக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். அதற்கும் வரிசை, அதற்கும் மேல் விலை. தயாரிப்பு பெருகி, தொண்ணூறுகளில் லைசென்ஸ் முறை போய், கொரிய, அமெரிக்கக் கம்பெனிகள் வந்த பிறகுதான் 'வாங்கிய மறுநாளே கார் விலை இறங்கும்' என்ற இன்றைய விதி நடைமுறைக்கு வந்தது. கார் ஒரு சொத்து அல்ல, தேயும் பொருள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். தட்டுப்பாடு இல்லாதவரைக்கும்தான் அது உண்மை.

கடல் தாண்டினால் இன்னும் கடுமையான உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில், டாலர் கையிருப்பைக் காப்பாற்ற வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அங்கே பெரும்பாலான கார்கள் இறக்குமதிதான். 2022-ல் பொருளாதாரம் சரிந்தபோது, மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், இரண்டே மாதத்தில் 350-ஐத் தாண்டியது. சாதாரண வேகன்-ஆர் வைத்திருந்தவர், பல வருடம் ஓட்டிய பிறகும் வாங்கிய விலையைவிட மிக அதிகத்துக்கு விற்க முடிந்தது. சொந்தக் கார் இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரி 1-ம் தேதி. அதுவும் கனமான வரிகளோடு. ஐந்து வருடம்! விற்றவரால் அந்தப் பணத்துக்குத் தான் விற்ற காரையே திரும்ப வாங்க முடியவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதற்கும் முன்பே இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில், பழைய மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிப் எதுவும் இல்லாத வண்டிகள் என்பதால்தான் அது சாத்தியமானது. அந்த ஊரில் கார் விலையை நிர்ணயித்தது மாடலோ வயதோ அல்ல, ஓடுகிறதா என்ற ஒரே கேள்விதான்.

ஒரே நாளில் இறங்கிய விலை

ஏறியது அப்படியே நிற்குமா? இந்தியாவில் 2023-ல் சிப் வரத்து சீராகத் தொடங்கி, வெயிட்டிங் குறைந்தது. 2024-ல் டீலர்களின் கிடங்குகளில் வண்டி தேங்கும் அளவுக்குப் போனது. பெரிய அடி, 2025 செப்டம்பர் 22. ஜி.எஸ்.டி. மாற்றத்தில் சின்ன கார்களுக்கான வரி, செஸ் சேர்த்து 29 முதல் 31 சதவிகிதமாக இருந்தது 18-ஆகக் குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருப்பவை இந்தக் கணக்கில் சின்ன கார். ஸ்விஃப்ட் காரின் விலையை 84,000 ரூபாய்க்கு மேல் வரை குறைப்பதாக மாருதி அறிவித்தது.

புது காரே இவ்வளவு குறைந்தால், நேற்றுவரை பேசிய விலைக்குப் பழைய காரை யார் வாங்குவார்கள்? கூடுதல் விலை கொடுத்து வாங்கி நிறுத்திவைத்திருந்த பழைய கார் வியாபாரிகள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களைவிடப் பாவம், தட்டுப்பாட்டு விலையில் பழைய கார் வாங்கி, அதற்குக் கடனும் எடுத்தவர்கள். புது காரைவிடப் பழைய காருக்கு வட்டி விகிதம் எப்போதும் கூடுதல். வண்டியின் விலை இறங்கிய பிறகும் தவணை இறங்காது. விற்றுக் கடனை அடைக்கலாம் என்று பார்த்தால், விற்கும் விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக நிற்கும்.

தட்டுப்பாடு பழங்கதை ஆகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2025 அக்டோபரில் நெதர்லாந்து, சீனா இடையே நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தை வைத்து நடந்த இழுபறியில், மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது. அதே வருடம், மோட்டார்களுக்குத் தேவையான அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனா இறுக்கியபோது, மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்கள் இங்கே தவித்தன.

வாங்கினாலும் விற்றாலும்...

அடுத்த முறை வெயிட்டிங் நீளும்போது முசிறிக் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, 'என் வண்டி எவ்வளவுக்குப் போகும்?' என்பதல்ல. 'எடுக்கப் போகும் வண்டியோடு டிஃபரன்ஸ் எவ்வளவு, இடையில் எத்தனை நாள் வண்டி இல்லாமல் இருப்போம்?' என்பதுதான். புது வண்டியின் டெலிவரி தேதி கைக்கு வரும்வரை பழையதைக் கொடுக்காமல் வைத்திருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா, விலை ஏறினால் யார் தலையில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆன்ரோடு விலையில் தமிழக சாலை வரியையும் மறக்கக் கூடாது. 2023 நவம்பரில் மாற்றியதிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவிகிதம், முன்பு 10. ஏழு லட்ச ரூபாய் வண்டிக்கு இதில் மட்டும் 21,000 ரூபாய் வித்தியாசம்.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்ஷூரன்ஸ். வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கம்பெனி கொடுப்பது பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகையைத்தான், சந்தை விலையை அல்ல. நான்காவது வருடத்தில் ஓடும் வண்டிக்கு, ஷோரூம் விலையிலிருந்து 40 சதவிகிதம் தேய்மானம் கழிப்பார்கள். ஏழு லட்ச ரூபாய் வண்டிக்கு 4.20 லட்சம். தட்டுப்பாட்டில் அதை 5 லட்சம் கொடுத்து வாங்கியிருந்தால், மீதி 80,000 வாங்கியவர் தலையில்தான். ஆகவே, பழைய வண்டியின் விலை பேசும்போது ஆர்.சி.யோடு இன்ஷூரன்ஸ் பேப்பரையும் கையில் வாங்கி, ஐ.டி.வி. எவ்வளவு என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எப்படிப்பட்ட வண்டியும் விலை போகும் என்பதால், வரக்கூடாத வண்டிகளும் சந்தைக்கு வரும். சென்னையில் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி முழு இழப்பாகக் கழிக்கப்படும் வண்டிகளைத் தட்டித் துடைத்து வெளியூரில் தள்ளிவிடுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஈரப் பனி, ஏ.சி. போட்டதும் வரும் முடை நாற்றம்... இவற்றைப் பார்க்க மெக்கானிக்கூடத் தேவையில்லை. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விழுந்த கட்டுப்பாட்டால் மலிவாகத் தெற்கே வரும் வண்டிகளும் உண்டு. இங்கே மறுபதிவும் தமிழக வரியும் சேர்த்தால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

விற்றவருக்கு ஒரு தலைவலி பின்னால் வரும். கிராக்கி இருக்கும்போது ஒரே வண்டி இரண்டு மாதத்தில் மூன்று கை மாறும். ஒவ்வொரு கையும் 'அடுத்த பார்ட்டி பேர்லயே மாத்திக்கலாம்' என்று தள்ளிப்போடும். ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவரின் பெயர். அப்படி ஒரு கார் நான்கைந்து கை மாறிய பிறகு விபத்தில் சிக்கி, இழப்பீடு யார் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பல வருடம் முன்பே காசு வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டவர் அவர்!

ஆற்றுக்கு இந்தப் பக்கம் டி.என்.48, அந்தப் பக்கம் குளித்தலையில் டி.என்.47. எந்தப் பக்கத்து ஆள் வாங்கினாலும், படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 14 நாள்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டியது விற்றவரின் கடமை. வாங்கியவர் வெளி மாநிலம் என்றால் 45 நாள்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கியவரின் பெயரைக் காலியாக விட்டுக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். அந்தக் கட்டத்தை நிரப்பி, ஆதார் நகல் வாங்கி, தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுத்தால் போதும். ஒரு மாதம் கழித்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால், பெயர் மாறிவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.